நேரான கரையும் மூலைப் பூக்களும்

கண்டியில் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு முதல் எதிரி மண்டபத் தூண்தான். இடம் சிறிது, சொந்தம் பெரிது. எல்லோரையும் ஒரே படத்துக்குள் அடைக்க அகல லென்ஸ் போட்டே ஆக வேண்டும். அதுவோ ஓரத்துத் தூண்களுக்குத் தொப்பை போட்டுவிடும். ஒருமுறை பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மண்டபம் இடிஞ்சு விழப் போகுதா?" என்று கேட்டார். அன்றைக்கே கெமராவில் வளைவை நிமிர்த்தும் வசதியைப் போட்டேன். பிறகு அதை அணைத்ததே இல்லை.

அதே கெமராவால்தான் அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு தங்கச்சியின் கைக்குட்டையையும் எடுத்தேன். நான்கு மூலையிலும் நகத்தளவு பூக்கள், மூன்று மாத எம்பிராய்டரி வேலை. கொழும்பில் ஒரு கைவேலைக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்வார்கள். மெஷின் தையல் என்று சந்தேகம் வந்தால் அப்போதே தள்ளிவிடுவார்கள். அன்று பின்னேரம்தான் கடைசி நேரம்.

அகல லென்ஸோடு கிட்டப் போய் எடுத்தேன். கைக்குட்டையின் கரை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது. பெருமையோடு கணினியைத் திருப்பிக் காட்டினேன். அவள் மூலையைப் பெரிதாக்கச் சொன்னாள். முகம் வாடிவிட்டது.

"அண்ணே, இது என்ட தையலே இல்ல. மெஷின் பூ மாதிரி ஈக்கிது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பதினெட்டு வருஷமா படம் எடுக்கிறேன், தங்கச்சி. துணியில நூல் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவள் கைக்குட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். துணியில் ஒவ்வொரு நூலையும் எண்ணலாம். என் படத்திலோ எல்லாம் உருகி ஒட்டியிருந்தது. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம். நான் கோணலை நிமிர்த்தியே ஆட்டத்தைக் கெடுத்திருந்தேன். வெட்கமாகப் போயிற்று.

விஷயம் இதுதான். வளைவை நிமிர்த்தும்போது கெமரா மூலையில் இருக்கும் கொஞ்ச விபரத்தை இழுத்து, அதிக இடத்தில் பரப்புகிறது. ரொட்டி மாவை ஓரத்தில் இழுத்தால் மெலிகிற மாதிரி. அதிலும் அவ்வளவு கிட்டப் போனால் அகல லென்ஸின் ஓரம் முதலே மங்கல்தான். தூணில் அது யாருக்கும் தெரியாது. நூலில் தெரிந்துவிடும்.

நிமிர்த்தலை அணைத்து எடுத்துப் பார்த்தேன். பூ கொஞ்சம் தெளிந்தது, ஆனால் கரைக்குத் தொப்பை வந்துவிட்டது. கடைசியில் மணப்பெண்ணின் முகத்துக்கென்று வைத்திருக்கும் நீள லென்ஸை மாட்டினேன். அது கிட்டப் போகவிடாது. ஸ்டூலில் ஏறி நின்றுதான் குனிந்து எடுக்க வேண்டியிருந்தது. கரை தானாகவே நேராக நின்றது, நிமிர்த்த ஒன்றுமில்லை. நூல்களும் எண்ணுகிற மாதிரி வந்தன. அவளை விட நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

படம் அவ்வளவு கூர்மையாக வந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு மூலையில், ஓர் இதழில், ஒரு தையல் மட்டும் திசை மாறிக் கிடந்தது.

"இதை அழிச்சிடவா? ரெண்டு நிமிஷ வேலை" என்றேன். திருத்துகிற கை சும்மா இருக்குமா?

"வேணாம் அண்ணே. அது மகள் மடியில வந்து ஏறின நேரம் தைச்சது. மெஷின்ட மடியில புள்ள ஏறாதே."

அப்படியே அனுப்பினோம். இரண்டு கிழமை கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் விளங்கவில்லை. கைக்குட்டை தெரிவாகியிருந்தது. கண்காட்சி அழைப்பிதழில் அச்சிட ஒரு மூலையையும் எடுத்திருந்தார்கள், அந்தத் திசை மாறிய தையல் இருக்கும் மூலையை.