உள்தையலில் துணி தீர்ந்த வருசம்

உங்க ஊர்ல யார் எத்தனை இஞ்சு பெருத்தாங்க, யார் எத்தனை இஞ்சு இளைச்சாங்கன்னு டாக்டருக்கும் முன்னாடி தெரிந்து வைத்திருக்கிற ஆள் யார், சொல்லுங்க பார்ப்போம்? ஜாக்கெட் தைக்கிறவள்தானுங்க. டேப்பைக் கையில் எடுத்தால் போதும், அதுவரை வாசலில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். அந்த எக்கலுக்கும் சேர்த்து ஒரு இஞ்சு கூட்டித் தைத்தால்தான் மறுநாள் ஜாக்கெட் நம்மிடமே திரும்பி வராது.

எனக்கு இளம்பிள்ளைப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தேன். இளம்பிள்ளை சேலைக்குப் பேர் போன ஊர் என்பதால் எனக்கு ஜாக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, அவ்வளவுதான் கடை. வீட்டுக்காரர் லாரி டிரைவர். லைனுக்குப் போனால் திரும்பி வரப் பதினைந்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். ஒரே மகள் தர்ஷினி, இது ஆரம்பித்தபோது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஊரார் உடம்பையெல்லாம் அளந்த எனக்குச் சொந்த மகள் உடம்பு கண்ணில் படாமலே போனதுதான் கூத்து. உங்க வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

ஒட்டுப் போட்ட யூனிஃபார்ம்

தையல்காரி பெற்ற பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் துணி தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்போம், வளர வளரப் பிரித்து விடலாம் என்று. ஜூனில் தைத்த யூனிஃபார்மை ஆயுதபூஜைக்கு முன்னால் ஒரு தடவை பிரித்து விட்டேன். பொங்கலுக்குள் இன்னொரு தடவை. மாசி மாதம் பிரிக்கலாம் என்று திருப்பினால் உள்ளே துணியே இல்லை. கடையில் வேறு துணி வாங்கி இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டேன். நிறம் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. வளர்கிற பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் அவள் கையில் ஒரு செல்போனும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் கொடுத்து உட்கார வைத்துவிட்டு நான் மிஷினை மிதிப்பேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த மாதம் அவள் வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து காலையானால் வயிற்று வலி. அதட்டிக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னாள். பாதிப் படியில் மூச்சு வாங்குகிறதாம். நின்றுவிடுகிறாளாம். பின்னால் வரிசையில் வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று அவளையே பார்க்கிறார்களாம். "இனிமேப் பள்ளிக்கூடமே போவுலம்மா" என்றாள். சேலைக்கு ஃபால்ஸ் அடித்ததை வாங்க வந்திருந்த சரோஜா அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். ஒட்டுப் போட்ட யூனிஃபார்மைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, துணியப் பிரிச்சுப் பிரிச்சு உட்டியே, புள்ளைய ஒரு எட்டு டாக்டருகிட்டக் காட்டோணும்னு தோணுலியா?"

கழுத்து அழுக்கு

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயதில் சின்ன டாக்டரம்மா. எடை, உயரம், ரத்தம் எல்லாம் பார்த்தார். பிறகு தர்ஷினியின் பின்கழுத்தைப் பார்த்து, "இது எத்தனை நாளா கறுத்திருக்கு?" என்று கேட்டார்.

"அழுக்குங்க மேடம். எத்தனை தேச்சாலும் போக மாட்டேங்குது" என்றேன். ஒரு வருசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடலை மாவு போட்டு, பீர்க்கங்காய் நாரால் அவள் கத்தக் கத்தத் தேய்த்திருக்கிறேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அது அழுக்கு இல்லை, உடம்பு எடை கூடும்போது சில பேருக்கு அப்படி வரும், பின்னால் சர்க்கரை வரலாம், இப்போதே பார்த்துக்கொள் என்று உடம்பு சொல்கிற சேதி அது என்றார். இப்போதைக்கு ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் வந்த உயிர், அந்த நாரை நினைத்து வெட்கப்பட்டது. அங்கேயே பிள்ளையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். அவள் பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

சரி, பட்டியல் எழுதித் தருவார், இவளுக்கு எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று சொல்வார் என நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையும் எடை மிஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன், வயிற்றை எக்கிக்கொண்டு. எடை மிஷினுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"பட்டினி போட வேண்டாம், எடையைக் குறைக்கவும் வேண்டாம். எடை இப்படியே நிக்கட்டும், பாப்பா வளரட்டும். அவளுக்குன்னு தனியாச் சமைக்காதீங்க. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. முதல்ல நீங்களும் அவங்க அப்பாவும் மாறுங்க."

ஆரஞ்சு மூட்டை

அப்பாவை மாற்றுவது என்றால் லேசா? அவர் ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஸ்வீட் பெட்டியோடுதான் வீட்டுக்குள் நுழைவார். வண்டி எந்த ஊருக்குப் போனதோ அந்த ஊர்ப் பலகாரம். நெய் ஊறி அட்டைப் பெட்டியே பளபளக்கும். அப்பா வந்தால் தர்ஷினி முதலில் பெட்டியைத்தான் பார்ப்பாள், பிறகுதான் அப்பாவை. ஒரு கிலோவும் மூன்று நாளில் காலி.

போனில் சொன்னேன், இனிமேல் பலகாரம் வேண்டாம் என்று. சரி சரி என்றார். அடுத்த தடவை நாக்பூரிலிருந்து ஒரு மூட்டை ஆரஞ்சோடு வந்து இறங்கினார். மூட்டை என்றால் மூட்டைதானுங்க, தோளில் போட்டுத் தூக்கி வந்தார். நாங்கள் தின்றோம், அக்கம்பக்கம் தின்றது, ஜாக்கெட் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஊக்கு வைத்துத் தருவதற்குள் இரண்டு ஆரஞ்சு. ஒரு வாரம் வீடே புளிப்பு வாசம். அவரிடம் கொஞ்சம் கோபமாகவே, "ஒரு தடவையாச்சும் சும்மா வரக்கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருவது நாளைக்கு ஒருக்கா வாரேன் அம்மிணி. வெறுங்கையோட எப்புடிப் புள்ள மூஞ்சியில முழிக்கறது?"

லோடு கட்டுகிற கயிறு

அடுத்த நடை அவர் கிளம்புகிற அன்று காலையில் வண்டியிலிருந்து எதையோ உருவிக்கொண்டு வந்தார். லோடு மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுகிற கயிறு, தேய்ந்து போனதால் கழித்து வைத்தது. அதில் எட்டுப் பத்து முழம் வெட்டி, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டு, "இந்தா சாமி, ஸ்கிப்பிங்" என்று நீட்டினார். அவள் ஒரு சுழற்றுச் சுழற்றினாள். கட்டை விரல் தடிமன் கயிறு அது, தரையில் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

ஒருத்தி கையால் அது சுற்றாது. ஆகவே ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துச் சுற்றினோம், அவள் நடுவில் குதித்தாள். மூன்று குதி, மூச்சு வாங்கியது, உட்கார்ந்தாள். அதற்குள் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "அக்கா, நானு, அக்கா, நானு" என்று வரிசை. கயிறு தர்ஷினியுடையது என்பதால் யாருக்கு எந்த முறை என்று சொல்கிற அதிகாரமும் அவளுடையது. அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் மிஷினை மூடிவிட்டுக் கயிறு சுற்றப் போகிறேன். தீபாவளி நேரம் என்றாலும் அரை மணி நேரம் போய்த்தான் தீருவேன். அவசர ஜாக்கெட்டுக்காக வந்து நின்ற ஒரு அம்மாவை, கொஞ்ச நேரம் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். சுற்றி முடித்து முழங்கையை நீவிக்கொண்டே அவர் சொன்னார்.

"ஏனுங்க அம்மிணி, கையளவு இப்பவே ஒருக்கா மறுபடி எடுத்துருங்க, வீங்கிப் போச்சாட்ட இருக்குது!"

கடைக்கு ஒரு சட்டம்

எங்க கடைக்கு வருகிறவர்களுக்குப் பிள்ளையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காது. "கொழுகொழுன்னு இருக்குதே", "எந்தக் கடை அரிசி கண்ணு?", இப்படி. கன்னத்தையும் கிள்ளுவார்கள். நான் டேப்பைக் கையில் எடுத்தாலே தர்ஷினி உள்ளறைக்குப் போய்விடுவாள். ஒருநாள் அவளிடம், "அவங்க சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்க சாமி" என்றேன். "நீயும் அப்படித்தான சொல்றே, அவங்க இடுப்பப் பாத்து?" என்று திருப்பிக் கேட்டாள். உண்மைதானுங்க. 'என்னக்கா, ரெண்டு இஞ்சு ஏத்திட்டீங்க' என்பது எங்க தொழிலில் வணக்கம் சொல்வது மாதிரி.

அன்றே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மாட்டினேன்: 'இங்கு அளவு மட்டும் எடுக்கப்படும். யார் உடம்பைப் பற்றியும் பேசப்படாது.' எழுத்தைச் சுற்றிப் பூப் போட்டது தர்ஷினி. முதலில் வந்து படித்தது, மகள் கல்யாணத்துக்காக இரண்டு மாதமாகச் சர்க்கரை போடாத காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. டேப்பை இடுப்பில் சுற்றினேன். நிசமாகவே இரண்டு இஞ்சு குறைந்திருந்தது. நோட்டில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அதென்னடி சட்டம்? நாங் கஷ்டப்பட்டு எளைச்சிருந்தாக்கூடச் சொல்ல மாட்டியா?"

வெட்டுத்துணி மூட்டை

வீட்டில் ஒரே சாப்பாடு என்று ஆன பிறகு, சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டினேன். காலையில் முட்டை, வாரத்துக்கு இரண்டு நாள் களியும் கீரையும். சாப்பிடும்போது டிவி கிடையாது, செல் கிடையாது. பேக்கரி தேங்காய் பன்னுக்குப் பதில் சுண்டல். முதல் வாரம் அவள் முறைத்தாள். இரண்டாம் வாரம் நான் முறைத்தேன். ஏனென்றால் நான்கு வேளை டீயும் அதோடு ஒரு கை மிக்சரும் இல்லாமல் எனக்குத் தையல் நேராக ஓடாது.

ஆகவே ஒரு மிக்சர் பாக்கெட்டை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளைப் போட்டு வைக்கிற மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் எடுப்பேன். பொம்மைக்குச் சட்டை தைக்க இவள் துண்டுத் துணி தேடுவாள் என்று எனக்கென்ன கனவா? ஒரு சனிக்கிழமை மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சிவப்பு, பச்சை, ஜரிகைத் துண்டுகளோடு பாக்கெட்டும் விழுந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதை எடுத்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் சுற்றி, கிண்ணத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"ஒளிச்சு வெச்சாத்தாம்மா நெறையத் திங்கத் தோணும். எனக்குத் தெரியும்."

குறையாத எடை

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரி. எடை மிஷினில் அவள் ஏறினாள். போன தடவை என்ன எடையோ அதே எடை. எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. இத்தனை கயிறு, இத்தனை சுண்டல், இத்தனை கீரை, அரை கிலோகூடவா குறையாது? டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவளைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி உயரம் பார்த்தார். ஒன்றரை இஞ்சு ஏறியிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆறு மாதத்தில் அவள் பாவாடைக்கு இரண்டு தடவை கீழ்மடிப்பைப் பிரித்து விட்டிருக்கிறேன், இடுப்பில் ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. என் கையே சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. வெளியே வரும்போது தர்ஷினி, நான் கேட்காமலே, இப்போதெல்லாம் மாடிப்படியில் நடுவில் நிற்பதில்லை என்று சொன்னாள். மேல்படிக்குப் போனதும் மூச்சு வாங்குமாம், ஆனால் அங்கே எல்லாருக்கும் வாங்குமாம். சீட்டில் அடுத்த தேதி எழுதிக் கொடுத்த நர்சம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"டெய்லருன்னு சொன்னீங்க, புள்ள உசரத்த அளக்க மறந்துட்டீங்களாக்கும்?"

லாரியைச் சுற்றி

இப்போது பாக்கி ஒருவர்தான். வண்டி ஓட்டுகிறவருக்கு உட்கார்ந்தே வேலை, தாபாவில் சாப்பாடு, லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது தூக்கம். போன தடவை வந்தபோது அவர் கால் சட்டையை இடுப்பில் பிரித்து விடச் சொல்லி என்னிடம் நீட்டினார். தர்ஷினி குறுக்கே வந்து வாங்கி வைத்துக்கொண்டாள். "வண்டி நிக்கறப்ப அதச் சுத்தி நடந்து வாங்கப்பா, தெனமும் முப்பது சுத்து. நான் வீடியோ காலுல எண்ணறேன்" என்றாள்.

அவரும் அவள் பேச்சைத் தட்டவில்லை. சாயங்காலம் எந்த ஊர்க் குடோனில் நின்றாலும் செல்லை முன்னால் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு டயர் வண்டியைச் சுற்றுகிறார். இங்கே இவள் கயிறு குதித்துவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே எண்ணுகிறாள். நடுவில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்தது, அவர் பார்த்த ஊர், தின்ற சப்பாத்தி என்று பேச்சு ஓடுகிறது. முன்பெல்லாம் அப்பா போன் செய்தால், என்ன வாங்கி வருகிறீர்கள் என்பதோடு முடிந்துவிடும். ஒருநாள் பின்னால் நின்ற வண்டி டிரைவர் பேசியது எங்களுக்கே கேட்டது.

"என்னண்ணே, டயருக்குக் காத்துப் பாக்கறீங்களா, கோயில் சுத்தறீங்களா?"

ஒரு பிள்ளையை நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆரம்பித்து, கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்கிறாள் என்று ஆகிவிட்டதால், நேற்று அவர் அவளுக்குக் கேட்காத குரலில் போனில் என்னிடம் கெஞ்சியதைக் கேளுங்க: "அம்மிணி, இங்க மழை பேயுது, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பத்து சுத்து கொறச்சுக்கச் சொல்லி நீ பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்!"