ஆங்கிலேய அணித்தலைவரின் குலமும் கோத்திரமும்

எங்கள் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒரு மலர் வெளியிடும். சிறந்த அணித்தலைவர் ஒருவரைப் பற்றி அதற்கு எழுதித் தருமாறு சென்ற ஆண்டு என்னைக் கேட்டார்கள். நம்மவர் எவரைப் பற்றி எழுதினாலும் அவர் எந்த ஊர், எந்தப் பகுதி என்ற பிணக்கு எழும். ஆகவே நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து அணியை நடத்திய ஒருவரே பாதுகாப்பானவர் என்று செயற்குழு தீர்மானித்தது. வெள்ளையருக்கு ஊர் இல்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை.

எழுதினேன். இளமையிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். ஓய்ந்த பொழுதில் பந்து பழகி நாட்டின் அணிக்கே தலைவரானவர். ஆட்டக்காரர்கள் சங்கம் அமைக்கக் கூடாது என்று கழக முதலாளிகள் கட்டளையிட்டபோது மறுத்து, தோழர்களோடு நின்று, ஆடும் உரிமையை இழந்தவர். தடை நீங்கி மீண்டும் ஆடிய பின், ஒரு மதுச்சாலை நடத்தி மறைந்தார். அந்த மறுப்பு ஒன்றுக்காகவே அவரைத் தேர்ந்தேன். மற்றவை போனாலும் அது நிற்கவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பேருந்து ஏறி, வெள்ளவத்தையில் மலராசிரியரின் அடுக்குமாடி வீட்டுக்குக் கட்டுரையைக் கொண்டுபோனேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். தாளைப் புரட்டுமுன்னரே கேட்டார்:

"எந்தப் பள்ளிக்கூடம் படிச்சவர்?"

"இடையில விட்டவர். சுரங்கத்தில வேலை."

"எஞ்சினியரோ?"

"கரி வெட்டினவர்."

தேநீரோடு வந்த அவருடைய மனைவி தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். "குடி கிடி இருந்ததோ?"

"மதுச்சாலை வச்சிருந்தவர்."

"வித்தவர் எண்டால் பரவாயில்லை. குடிச்சவரோ எண்டுதான் கேட்டனான். பிள்ளையள் என்ன செய்யினம்?"

சம்பந்தம் பேச வந்த தரகனைப் போல நான் விழித்தேன். மாப்பிள்ளை இறந்து நெடுங்காலமாயிற்று என்பதை மட்டும் எவரும் ஒரு குறையாகக் கொள்ளவில்லை.

மலராசிரியர் முழுவதையும் வாசித்தார்; பெருந்தன்மையும் காட்டினார். "கரி இருக்கட்டும். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் எண்டு வரும். மதுச்சாலையும் இருக்கட்டும், வியாபாரம்தானே. இந்தச் சங்கப் பிரச்சினையை மட்டும் எடுங்கோ. விளம்பரம் தாறது முழுக்க முதலாளிமார், ஐயா."

"அதுதானே அந்த மனுசன்!"

"நாலு வரிப் பந்தி ஒண்டுதானே."

கரியை மன்னித்தார்கள், கள்ளையும் மன்னித்தார்கள், கீழ்ப்படியாமையை மன்னிக்க மட்டும் அந்த வீட்டில் இடமிருக்கவில்லை. தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். மின்தூக்கி வரை பின்னால் வந்தார் மலராசிரியர்.

"படத்தையாவது தாங்கோ. பக்கம் வெறுமையாக் கிடக்கும்."

கொடுத்தேன்.

வெளியீட்டு விழாவில் மலரைப் பிரித்தேன். நேர்வகிடும் முறுக்கிய மீசையுமாக, மார்பளவில் வெட்டப்பட்டு, அவர் முழுப் பக்கத்தையும் நிறைத்திருந்தார். காலடியில் கிடந்த பந்து கத்தரிக்கு இரையாகியிருந்தது, பெயரும் இல்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தை மனைவியிடம் பணிவோடு நீட்டினார்.

"எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய வெள்ளைக்கார அதிபர். இவர்ர காலத்தில ஒருத்தனும் மேலிடத்துச் சொல்லைத் தட்டேலாது."

"ஓம், முகத்திலயே தெரியுது" என்றார் அந்த அம்மையார்.