தாழ்த்திய லொறியின் புகைக்குழாய்

தார்ப்பாய்ப் படங்கு கட்டி மூடிய லொறி எங்கே நின்றாலும் என் கை சும்மா இருக்காது. பின்பக்கம் போய் ஒரு மூலையையாவது தூக்கிப் பார்ப்பேன். உள்ளே உரமூட்டைதான் இருக்கும். "என்னத்தத் திருடப் பாக்குறீங்க?" என்று டிரைவர்மார் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இந்தப் பழக்கம் வந்த காலத்தில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லொறி டிரைவர். பழுது பார்ப்பதும் நானேதான். சண்டை முடிந்து ராணுவம் கழித்துவிட்ட லொறி அது. உயரமோ உயரம். கொழுந்து மூட்டையைப் பெண்கள் தலைக்கு மேலே தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. தோட்டத்துத் தொரை "இறக்கு" என்றார். அச்சுக்கு மேலே இருந்த வில்லுப்பட்டைகளைக் கழற்றி அச்சுக்குக் கீழே மாட்டினேன். லொறி ஒரு சாண் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் புகைக்குழாயும் கூடவே இறங்கிவிட்டது. தண்ணீர் ஓட ரோட்டின் குறுக்கே வெட்டிய கான் ஒவ்வொன்றிலும் இடித்தது. மூன்று தடவை கட்டினேன், மூன்று தடவையும் பிய்ந்தது. நாலாவது தடவை எரிச்சலில் குழாயைச் சைலன்சரை ஒட்டியே அறுத்து எறிந்தேன். அதற்குப் பிறகு புகை பின்பக்கப் பலகைக்கு நேர் அடியில் வந்தது. கொழுந்துக்கு மூக்கா இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கொழுந்தில் புகை வாடை அடிக்கிறது என்று, தேயிலை அரைக்கிற ஸ்டோரின் டீமேக்கர் சொன்னபோதும், "அது உங்க சுருட்டு வாடைங்கய்யா" என்று சிரித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவன் ஓடிவந்தான். மனைவிக்கு முதல் பிரசவம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் மருத்துவச்சி. லொறியின் பின்பக்கத்தில் சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அவன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தான், அவளுக்குத் துணையாக அவனுடைய அக்கா ஏறினாள். பிள்ளைத்தாய்ச்சி மேல் காத்து கருப்பு படக்கூடாது, நாலு பக்கமும் படங்கை இறுக்கிக் கட்டுங்க என்றாள். கட்டியது நான்தான். ஒரு விரல் இடைவெளி விடாமல் கட்டினேன்.

வழியில் மண் சரிந்து கிடந்தது. அள்ளி முடிக்க அரைமணி நேரம் ஆனது. நிறுத்தினால் எஞ்சின் திரும்பக் கிளம்பாது என்று அதை ஓடவிட்டே நானும் அவனோடு மண்வெட்டி பிடித்தேன். லொறிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் படங்கை அவிழ்த்ததும் அக்காக்காரி சரிந்து வாந்தி எடுத்தாள். தாய் பிழைத்தாள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது.

மறுநாள் பலகைகளைக் கழற்றிப் பார்த்தேன். இடுக்கெல்லாம் புகைக்கரி. அவள் தலை வைத்திருந்த இடத்திலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தேயிலை ஸ்டோரில் கிடந்த பழைய கொதிகலன் குழாய் ஒன்றை எடுத்தேன். நசுங்காமலிருக்க உள்ளே மணல் அடைத்து, உலையில் காய்ச்சி வளைத்தேன். சைலன்சரிலிருந்து பக்கவாட்டில் கொண்டுவந்து, டிரைவர் கூண்டுக்குப் பின்னால், கூரைக்கு மேலே புகை போகும்படி நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் கசிவில்லை. ஒரே நாளில் முடிந்த வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கிற லயத்தில் வேறு கதை ஓடியது. இயந்திரங்களைக் காக்கிற சாமி ரோதைமுனி. லொறியை வெட்டி இறக்கும்போது அவருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை, அதுதான் அடித்துவிட்டார் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பழி சாமி தலையில் விழுந்தது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை புருஷன்காரன் ஒரு சேவலோடு வந்தான். "அண்ணே, இதக் கொஞ்சம் புடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, லொறிக்கு முன்னால் சூடம் கொளுத்தினான். லொறியின் மூஞ்சிக்கு விபூதி பூசியவன், சுற்றி வந்து புதுக் குழாய்க்கும் பூசினான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வேலை போய்விடுமே என்று நான் பயப்படவில்லை. சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் பயந்தேன்.

அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான்.

"சாமி, எங்களுக்காக மழையில ஓடியாந்த மனுசன் இவரு. இவரு மேல கோவப்படாத. குத்தம் இருந்தா எங்க தலையில போடு."

சேவல் என் கையில் துடித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறந்து கை நீட்டியதும், அதை மட்டும் கொடுத்தேன்.