எட்னாவின் சூளையும் என் வாக்குவம் கிளீனரும்

எட்னா செய்யும் பானைகள் சேற்று நிறம். அதை அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். இப்போது அவளிடம் மண் பிசையக் கற்றுக்கொள்ளத் தலைநகர் வெலிங்டனிலிருந்துகூட ஆள் வருகிறது. என் கருத்து மாறவில்லை.

நெல்சன் பக்கத்து ஆப்பிள் தோட்டங்களில் நாங்களெல்லாம் ஜாம் காய்ச்சிப் பரிசு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவள் ஓடைக்கரையில் குந்தி மண் தோண்டிக்கொண்டிருந்தாள். நர்ஸாக இருந்தவள். கிளாரியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்துச் சக்கரம் சுற்றப் பழகினாள். முதலில் செய்த கிண்ணங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றன. கிளாரி அவற்றில் கோழிக்குத் தீனி வைத்தான். கோழிகள் குறை சொல்லவில்லை.

பிறகு கொல்லையில் எண்ணெயில் எரியும் சூளை கட்டினாள். எங்கள் பக்கத்தில் சூளை வைத்த முதல் பெண் அவள்தான். எண்ணெய் நன்றாக எரியக் காற்று வேண்டுமே? வாக்குவம் கிளீனரில் காற்று வெளியே வரும் பக்கம் குழாயை மாட்டி, அடுப்புக்குள் ஊதவிட்டாள். அவள் வீட்டுக் கம்பளத்தின் கதை அன்றோடு சரி.

நகரத்தில் கைவினைக் கடை வைத்திருந்த பிரைஸ் என்பவர், பானைகளை விற்க வைக்கச் சொல்லிக் கேட்டபோது, சூளை ஆண்கள் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தார். “நீங்களே சுட்டு எடுத்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்.” மாதக்கணக்காக அவள் செய்ததெல்லாம் அந்த ஒரே சூளைக்குள் இருந்தது. சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது கிளீனர் புகைந்து நின்றுவிட்டது. முகமெல்லாம் கரியோடு என் சமையலறை வாசலுக்கு வந்தாள்.

“நோலா, உன் வாக்குவம் கிளீனரக் குடு.”

“இப்பவா? சர்ச் பொம்பளைங்க டீக்கு வர்ற நேரம். கம்பளம் இன்னும் சுத்தம் பண்ணல.”

“காத்து நின்னா சூடு எறங்கிடும். பூச்சு உருகாது. அத்தனையும் போச்சு.”

“புதுசுடி அது.”

“தெரியும். அதான் கேக்கறேன்.”

கொடுத்தேன். ஏனென்று கேட்காதீர்கள், அந்தக் கடைக்காரரை எனக்கும் பிடிக்காது. கொடுத்ததோடு விட்டதா? என் குழாய் அவள் அடுப்பு வாய்க்குப் பொருந்தவில்லை. ஈரச் சாக்கைச் சுற்றி நான்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. சர்ச் பெண்கள் ஆளுக்கொரு தட்டு ஸ்கோன் ரொட்டியோடு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள்.

“என்ன நோலா, வீட்டுத் தூசியெல்லாம் அங்கயா போகுது?” என்றாள் பாதிரியார் மனைவி ஹில்டா.

“ஆமா, உங்க வீட்டுதும் இருந்தா கொண்டு வாங்க,” என்றேன். கையை எடுக்கவில்லை.

ஆறவிட்டுத் திறந்தபோது ஒன்றுகூட விரிசல் விட்டிருக்கவில்லை. எட்னா அழுதாள். நானும் அழுதேன்; என் கிளீனர் இருந்த கோலம் அப்படி.

நகரத்துக்கு நானும் கூடப் போனேன். பிரைஸ் ஒரு ஜாடியை விரலால் சுண்டினார். கணீரென்றது.

“சூளைய யாரு பாத்துக்கிட்டாங்க? வீட்டுக்காரரா?”

“அவரு ஆப்பிள் மரத்துல கிளை கழிச்சிட்டிருந்தாரு,” என்றாள் எட்னா. “கூட நின்னது நோலா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்களும் பானை செய்றவங்களா?”

என் ஆயுளில் ஒரு முட்டைக் கிண்ணம்கூடச் செய்ததில்லை. ஆனால் அந்த ஆள் முன்னால் அவள் தனியாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆமா,” என்றேன்.

அவர் ஜன்னலோர அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினார். எட்னா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இருவரும் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்போம்.