மூணு, ரெண்டு, ஒண்ணு: எங்கள் தொடை வலி ஏலம்

முழங்கால் நோயாளி உத்தியோகத்துக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அதே உத்தியோகம் பார்க்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ராமநாதபுரத்தில் பிசியோதெரபிக்கு நானும் கொழுந்தன் மனைவி மல்லிகாவும் ஒரே ஆட்டோவில் போய்வந்தோம். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. ஆடியில் முதுகுளத்தூர்ப் பக்கம் குலசாமிக்குப் பொங்கல். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுப்புப் பற்றவைப்பது மூத்த மருமகள் உரிமை. முடியாவிட்டால் அடுத்தவளுக்குப் போய்விடும். மூத்தவள் நான்.

பட்டை

பிசியோ பெண் என் தொடையில், பி.பி. பார்ப்பதுபோல், ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சின்ன எடையே பெரிய எடை வேலையைச் செய்யுமாம். செய்தது! தொடைக்குள் யாரோ மிளகாய் அரைக்கிற மாதிரி எரிச்சல். பக்கத்து நாற்காலியில் மல்லிகா, அதே பட்டையோடு காலை நீட்டி மடக்கிக்கொண்டே போனில் மகளுக்குக் குழம்புக்குப் புளி அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, இதுக்கே இப்படி வேர்த்து ஊத்துது?"

ஏலம்

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், வேதனைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அந்தப் பெண் கேட்பாள். எனக்கு நியாயமாக எட்டு. நான் வாய் திறப்பதற்குள் மல்லிகா "நாலு" என்றாள். கான்வென்ட்டில் முட்டி போட வைத்த சிஸ்டரிடமே வலிக்கிறது என்று சொல்லாதவள் நான். இவளிடமா சொல்வேன்? "மூணு" என்றேன். அடுத்த சுற்றில் அவள் "ரெண்டு". நான் "ஒண்ணு". புதுமடம் கடற்கரையில் மீன் ஏலம் ஏறும். எங்கள் ஏலம் இறங்கியது. பிசியோ பெண்ணுக்கு முகமெல்லாம் பல்.

"ஒண்ணுதானாம்மா? அப்ப எடையைக் கூட்டிருவோம்!"

பொங்கல்

கூட்டினாள், கூட்டினாள், ஆடியும் வந்தது. என் முழங்கால் பனங்காயாக வீங்கியிருந்தது. கோயிலில் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மல்லிகா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், பற்றவைத்தாள், ஒரு கையும் ஊன்றாமல் எழுந்தாள். மாமியார் என் கண்ணெதிரே அவளுக்குத் திருஷ்டி கழித்தார். "உனக்கு மட்டும் எப்படிடி வலிக்கவே இல்லை?" என்று கேட்டேவிட்டேன்.

"யாரு சொன்னா? எனக்கு ஒம்பதுக்கா. நீங்க ஆட்டோவைக் கூப்பிடப் போனதும் அந்த பிசியோ புள்ளகிட்ட உள்ளதைச் சொல்லி எடையைக் குறைச்சுக்குவேன்."

தொடை எரிச்சல் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது சகோதரிகளே, அவள் வைத்த பொங்கல் ருசியாக இருந்ததுதான் இன்னும் எரிகிறது.