சீவிய உரித்து

சனிக்கிழமை காலையில், உடுப்புத் தோய்க்கக் கீழே கொண்டுபோவதற்கு முன், ஜாவாவுக்குத் தொலைபேசி எடுப்பது என் வழக்கம். ரொறன்ரோவில் விடிந்திருக்கும், அங்கே அப்போது இருட்டியிருக்கும். அங்கே என்னைத் தன் வீட்டில் வைத்திருந்த அம்மாவிடம்தான் கதைப்பேன். அவரிடம் தொலைபேசி இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடையதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே பிடிப்பாள். அம்மாவின் முகமும், பின்னால் பலகைச் சுவரும், அதில் நான் அடித்த ஆணியில் தொங்கும் சுளகும் தெரியும்.

இந்த வருடம் பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, பின்னால் தெரிந்தது பச்சைச் சாயம் பூசிய சீமெந்துச் சுவர்.

"எங்கை இருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். நாங்கள் அந்த ஊர் மொழியில்தான் கதைப்போம். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இதுவும் வசதியாத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியோ?"

"இது ஆற்றை வீடு?"

அவர் சிரித்தார். அந்த ஊரில் கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் முதலில் வருவது அந்தச் சிரிப்புத்தான். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உனக்குத் தேவையெண்டால் நீயே எனக்குச் சொல்லியிருக்கலாம், பிள்ளை. வேறை ஆள் வந்து சொல்லித்தான் நான் அறிஞ்சது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தொலைபேசியுடன் வெளியே வந்து சொன்னாள். அம்மாவின் வீடும் வளவும் விற்கப்பட்டுவிட்டன. நகரத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர் வாங்கி, சுற்றி மதில் கட்டிவிட்டார். அம்மா ஊரின் மறுகோடியில் பெறாமகன், தங்கையின் மகன், வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்.

"நீங்கள் வித்ததெண்டுதான் ஊர் கதைக்குது," என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

அந்த ஊரில் நானும் தம்பியும் கனடாவுக்கு விசா வரும்வரை இருந்தோம். அகதிக்கு அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. வாடகை குறைந்த இடம் தேடித்தான் வயல் நடுவிலிருந்த அந்த ஊருக்குப் போனோம். அம்மா விதவை, பிள்ளைகள் இல்லை. வீட்டின் பின்பக்கத்தை எங்களுக்குத் தந்தார்.

யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு அந்த வளவு ஒரு வளவாகவே தெரியவில்லை. வேலி இல்லை. அயலவர் குசினிப் பக்கத்தால் நடந்துபோய் அடுத்த வளவில் ஏறுவார்கள். விழுந்த பலாப்பழம் கண்டவருக்கு. எல்லை எங்கே என்று நான் கேட்டபோது அம்மா ஒரு வாழையையும் ஒரு கல்லையும் காட்டி, "எல்லாருக்கும் தெரியும்," என்றார். எங்கள் ஊரில் ஒரு முழம் வேலி நகர்ந்ததற்குச் சகோதரர்கள் செத்த வீட்டுக்கும் போகாமல் விடுவார்கள். நான் அந்தக் கல்லைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன்.

அறுவடைக்கு வருகிற பெண்களை அங்கே திருப்பி அனுப்புவதில்லை. வெட்டியதில் ஒரு பங்கு கூலியாகக் கிடைக்கும். அந்தப் பங்கு எல்லாருக்கும் ஒரே அளவில்லை. பிறத்தியாருக்குச் சிறியது, அயலுக்குக் கொஞ்சம் கூட, சொந்தத்துக்கு இன்னும் கூட. வயலுக்குரியவள் யாருக்கு எவ்வளவு ஒதுக்குகிறாள் என்பதைப் பார்த்தே யார் அவளுக்கு என்ன முறை என்று ஊர் அறிந்துகொள்ளும். அம்மாவின் வயலில் நான் வெட்டப்போன முதல் அறுவடையில் அவர் எனக்கு ஒதுக்கிய கட்டு பெரிதாக இருந்தது. தவறுதலாக வைத்துவிட்டார் என்று நினைத்துப் பாதியைத் திருப்பி வைத்தேன். சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது மகளுக்கு வைக்கிற கட்டு என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது ஒரு மழைக்காலம் முழுதும் நான்தான் பார்த்தேன். நடக்கத் தொடங்கியதும் அயலவரைக் கூப்பிட்டு மஞ்சள் சோறு சமைத்துப் போட்டு, எல்லாருக்கும் முன்னால், இந்த வீடும் வளவும் இனி இவளுக்கு என்று சொன்னார். கடைசிவரை பார்க்கிற பிள்ளைக்கு வீடு என்பது அங்கே வழமை.

ஆனால் வெளிநாட்டவர் பெயரில் அங்கே காணி எழுத முடியாது. தம்பி அந்த ஊர்ப் பெண்ணைக் கலியாணம் செய்திருந்தான். மச்சாள் பெயரில் எழுதுவோம் என்று முடிவாயிற்று. எழுதுகிற நாளுக்கு முன் எனக்கு விசா வந்துவிட்டது. புறப்படும்போது தம்பியிடம் ஒரே ஒரு விடயம் சொன்னேன்: சீவிய உரித்து.

எங்கள் ஊரில் தாய் தகப்பன் பிள்ளைக்கு வீடு எழுதும்போது, தாங்கள் கண் மூடும்வரை அதில் இருக்கும் உரிமையை உறுதிப் பத்திரத்தில் தனியாக எழுதிவைப்பார்கள். அதற்குப் பெயர் அது. பிள்ளையில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நல்ல பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எழுதுவது. தம்பியும் மச்சாளும் இங்கே வந்தபின்னும் கேட்டேன். "போட்டாச்சு அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றான். நானும் விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரமே ஸ்ரௌவ்வில்லுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். தம்பியின் புது வீடு அங்கே. குடிபூரலுக்கு மூத்த சகோதரி என்று என்னைக் கொண்டுதான் பால் காய்ச்சுவித்தார்கள். பால் பொங்கியபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

அவன் கராஜுக்கு முன்னால் பனிக்காலத் தெருவால் காரில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு நின்றான்.

"என்ன அக்கா, சொல்லாமல் கொள்ளாமல்?"

"அம்மாவின்ரை வீட்டை வித்தனியோ?"

குழாயைப் பூட்டினான். "உள்ளுக்கு வாங்கோ. அயலெல்லாம் தமிழ்."

"அங்கை ஊர் முழுக்கக் கதைக்குது. இஞ்சை அயல் கேட்டால் என்ன?"

உள்ளே மச்சாள் அடுப்படியில் நின்றாள். "வாங்கோ மச்சாள், ரீ குடிக்கிறீங்களோ?" என்றாள். இப்போது அவளுடைய தமிழ் எங்கள் தமிழ்தான். தம்பி கதிரையை இழுத்துப் போட்டான்.

"அக்கா, அந்த வீடு எங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் போய் இருக்கப்போறீங்களோ? பாதிக் கூரை ஒழுகுது."

"அதுக்குள்ளை ஒரு ஆள் இருந்தவ."

"அவவுக்குப் பெறாமகன் இருக்கிறான். றோட்டிலையே விட்டது?"

"சீவிய உரித்துப் போட்டாச்செண்டு சொன்னாய்."

"அங்கை அப்பிடியொரு வழக்கம் இல்லை. நொத்தாரிசிட்டைக் கேட்டன், வயசுபோன ஆளை வீட்டாலை ஆர் கலைப்பினம், இதை ஏன் எழுதோணுமெண்டு சிரிச்சவன்."

"அப்ப ஏன் எனக்குப் போட்டாச்செண்டனி?"

"நீங்கள் விடமாட்டீங்கள். கேட்டுக் கேட்டு உயிரை எடுப்பீங்கள். சின்னனிலை என்ரை கொப்பிக்கும் நீங்கள்தானே அடிமட்டம் வைச்சுக் கோடு கீறினது." தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

மச்சாள் அடுப்பை நிற்பாட்டினாள். "மச்சாள், நீங்கள்தானே விக்கச் சொன்னது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"அக்கா ஓமெண்டிட்டா, கையெழுத்து வை எண்டு இவர் சொன்னவர்," என்றாள். "நான் என்ரை தாய் வீட்டுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

அப்போதுதான் முழுதும் விளங்கியது. விற்றது தம்பி என்று தெரிந்தால், ஊரில் இருக்கிற மச்சாளின் தாய் தகப்பனுடன் ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். அவர்களின் விருந்துக்கு ஆள் வராது, வயலுக்குக் கை கொடுக்க ஆள் வராது. விற்றது நான் என்றால் ஒருவருக்கும் நட்டமில்லை. நான் தூரத்தில் இருக்கிறேன், தனி ஆள். இதை அவன் சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறான். என்னைப் பற்றி அந்த அம்மா நினைப்பது மட்டும் அவன் கணக்கில் வரவில்லை.

"அவவுக்கு நீ சொல்லு," என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் இலக்கத்தை அழுத்தி, தொலைபேசியை மேசையில் வைத்தேன். அங்கே விடிந்திருந்தது. அவள் பெறாமகன் வீட்டுக்கு நடந்துபோகும்வரை காத்திருந்தோம். மச்சாள் என் கையைப் பிடித்து, "மச்சாள், என்ரை அம்மா அப்பா அந்த ஊரிலைதான் சீவிக்கோணும்," என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவின் முகம் வந்ததும் தம்பி முதுகை வளைத்தான். அந்த ஊரில் பெரியவர்களோடு கதைக்கத் தனிப் பேச்சு உண்டு. அவன் அதை என்னைவிட அழகாகப் பேசுவான்.

"அக்காவுக்குப் பெரிய நெருக்கடி. உங்களிட்டைச் சொல்ல வெக்கப்பட்டவ. அவவுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்."

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கும் என்று அவனுக்குத் தெரியும். மச்சாள் பக்கத்தில் நிற்க நான் வாய் திறக்கமாட்டேன் என்பதும் தெரியும் என்று நினைத்திருக்கிறான். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"அது பொய், அம்மா. நான் விக்கேல்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. வித்தது இவன்."

மச்சாள் கதிரையில் இருந்துவிட்டாள். அம்மா முகத்தைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பின்னால் சேவல் கூவியது.

"நீ விக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப அது விக்கப்படேல்லை."

"அம்மா, கடதாசியிலை..."

"நான் உனக்கெல்லோ தந்தது. எல்லாருக்கும் முன்னாலை. உன்ரை வீட்டை வேறை ஆள் எப்பிடி விக்கிறது?" அவர் குரல் மாறிவிட்டது. கிணற்றடியில் விழுவதற்கு முன் என்னை வேலை ஏவிய குரல் அது. "நீ வித்திட்டாய் எண்டுதான் நான் பேசாமல் வெளிக்கிட்டனான். இல்லாட்டி ஏன் வெளிக்கிடுறன்?"

"அங்கை மதில் கட்டியிருக்கு, அம்மா."

"மதிலுக்கும் உள்ளை போகப் படலை இருக்கும்தானே."

பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. பாயைச் சுற்று, அந்தப் பானையை எடு என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வது கேட்டது. படம் ஆடியது, கூரை தெரிந்தது, நின்றுவிட்டது.

"எங்கை வெளிக்கிடுறாவாம்?" என்றான் தம்பி.

"வீட்டை போறாவாம்."

"விசரே அவவுக்கு? அந்தாளின்ரை ஆக்கள் உள்ளுக்கு விடமாட்டினம். நீங்கள் ஏன் அக்கா உதைச் சொன்னனீங்கள்?"

நான் திரும்ப எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் எடுத்தேன். இரண்டு பேர் கையிலும் சாமான் இருந்திருக்கும்.