திக்கசாதம்

கேகாலை நீதிமன்றத்தில் என் வழக்கு தீர்ந்த மறுநாள் காலை, பெரட்டுக் களத்துக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன். விடியற்காலையில் அங்கே பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு ரப்பர் மலையில் வேலை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பால் வெட்டும் கத்தியைச் சுழற்றிக்கொண்டே போனேன்.

எனக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டும் சிங்கள அக்கா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"நங்கி, திக்கசாத ஹம்புனாத?"

தங்கச்சி, விவாகரத்து கிடைத்ததா என்று கேட்கிறார். விவாகரத்துக்குச் சிங்களத்தில் திக்கசாத என்பார்கள்.

"ஹம்புனா அக்கே, ஹம்புனா!" என்று களமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் பெரியம்மா. எல்லாருக்குமே அவர் பெரியம்மாதான். ஒரு காது மந்தம், சிங்களமும் கடைத்தெருவுக்கு மட்டும்தான். முதல்நாள் நான் நல்ல சேலை கட்டி, பூ வைத்து பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறார்.

"அடியே, எந்தக் கோயில்ல சாதம்? எனக்கு ஒரு உருண்ட கட்டிட்டு வரக்கூடாதா?"

ஐயோ, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. சாதம் இல்லை, புருஷனைத் தீர்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று காதருகே போய்ச் சொன்னேன். அவர் முகம் அப்படியே தொங்கிப் போயிற்று.

"அறுத்துக்கிட்டியா? அடப்பாவி மகளே!"

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ரப்பர் வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. மரங்களை வெட்டி முடித்தபிறகு, சிரட்டையில் பால் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கைக்கு வேலையில்லாத அந்த நேரத்தில் எல்லாருடைய வாயும் என் வாழ்க்கையைச் செப்பனிட்டது.

"லயத்துல ஒத்தப் பொம்பள இருந்தா நாலு பேச்சு வரும். அண்ணன் வீட்டோட போய் இரு" என்றார் கங்காணி. தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்.

"பேச்சு எங்கேருந்து வருதுன்னுதான் இப்பத் தெரியுதே அண்ணே" என்றேன்.

சிங்கள அக்கா குவைத்துக்குப் போகச் சொன்னார். பெரியம்மாவோ ஒரே பாட்டு. "ஆம்பளன்னா கைய நீட்டத்தான் செய்வான். போய்ச் சேந்துக்க புள்ள."

என் வலது மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அது கோணலாகக் கூடிய எலும்பு.

"நல்லாப் பாருங்க பெரியம்மா. இது கைய நீட்டுனதா, கைய முறிச்சதா?"

அவர் பாக்கு இடிப்பதுபோல் குனிந்துகொண்டார். மறுநாள் மறுபடியும் அதே பாட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை சிங்கள அக்கா என்னை மரத்துக்குப் பின்னால் இழுத்தார். "நங்கி, ஞாயிறு அவன் வாறது. பெரியம்மா சொல்லி அனுப்பினது. ஒங்களுக்குச் சொல்ல வேணாம் சொன்னது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கஹவத்தைப் பக்கம் போய்விட்ட என் பழைய புருஷனைக் கூப்பிட்டு, என் வாசலில் உட்கார வைத்து, லயமே கூடிச் சேர்த்துவைக்கப் போகிறதாம்! ஏற்கெனவே இரண்டு தடவை இப்படிச் சேர்த்துவைத்தார்கள். இரண்டு தடவையும் தலையாட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் தடவைதான் கை போயிற்று. சண்டையென்றால் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் பெரியவர்கள் கண்கலங்கிக் கெஞ்சினால் என் வாயிலிருந்து "சரி" வந்துவிடும். எனக்கு அவனைவிட அந்தச் "சரி"யை நினைத்துத்தான் பயம்.

பெரியம்மாவோடு மல்லுக்கட்ட நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். அரிசிப் பானையைத் திறந்தபோது அவர் கேட்ட உருண்டை ஞாபகம் வந்தது. அடி சக்கை! தனியாகச் சிரித்தேன். சிங்கள அக்காவிடம் ஓடிக் கித்துல் மரத்துக் கருப்பட்டி வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை பால் வடியும் நேரத்தில், தலையில் சுமந்துபோன பானையை இறக்கினேன். பச்சரிசி, பயறு, கருப்பட்டி, நெய். வாசத்துக்கே கங்காணி வந்துவிட்டார். வாழையிலைத் துண்டில் முதல் உருண்டையைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்.

"எந்தக் கோயிலு புள்ள?"

"நீங்க அன்னைக்கிக் கேட்டதுதான் பெரியம்மா. திக்கசாதம்."

மெல்லுவது நின்றது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"உசுரோட வெளிய வரணும்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். வந்துட்டேன். அதுக்குத்தான் இந்தச் சாதம். நேத்திக்கடன் சாதத்தக் கையில வாங்கித் தின்னுட்டு, அந்த நேத்தி தப்புன்னு யாராச்சும் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

கங்காணி இன்னொரு உருண்டைக்கு இலையை நீட்டினார். பெரியம்மா என்னைப் பார்த்தார், கையிலிருந்த மீதியைப் பார்த்தார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினார். வாளியை எடுத்துக்கொண்டு பால் சேர்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தே விட்டான். நான் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் சேலைப் பை, தலையில் எண்ணெய் பளபளப்பு. லயத்துக்கு ஏறும் படியில் பெரியம்மா குறுக்கே நின்றார்.

"நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்றான்.

"சொன்னேன் தம்பி. அப்புறம் சாதத்தத் தின்னுட்டேன்."

"என்ன சாதம்?"

"திக்கசாதம்!" காது மந்தமானவர்களுக்கே உரிய குரலில், லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "நானும் தின்னேன், கங்காணியும் தின்னாரு. இனி எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது. வந்த பஸ்ஸு திரும்பி வரும், போயிரு."

அவன் ஏதோ முனகினான். அவர் நகரவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனான். நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன், சிரித்தேன், அழுகையும் வந்தது.

கதவு தட்டப்பட்டது. திறந்தால் பெரியம்மா. இனி என்ன புத்தி சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். அவர் என் வலது கையை எடுத்து, கோணிய எலும்பின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"மழ நேரத்துல வலிக்குமா புள்ள?"

"வலிக்கும் பெரியம்மா" என்றேன்.